பொதுச்சாவி கிடைக்கவில்லை

கட்டுகஸ்தோட்டை
2024 செப்டம்பர் 4

கலா,

கொழும்புக்குப் போனவர்களுக்குப் போன் எடுக்கத் தெரியாமல் போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்குள் நுழையும்போதே போனை வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள், அறைக்கு வந்தால் தூக்கம்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். சரி, இனி மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு வசதி.

உம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஹில்மி நானாவின் கடை மேல்மாடியில் நீ உட்காரும் கதிரையை யாருக்கும் கொடுக்கவில்லை. பூனைக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீரிழிவுக்காரருக்குக் கொடுக்கிற சீனிக் குளிசையில் புதிய சரக்கு வந்திருக்கிறது. அதே நிறம், அதே அளவு, ஆனால் வீரியம் இரண்டு மடங்கு. இதுவரை முழுக் குளிசை விழுங்கியவர்கள் இனி அரைதான் விழுங்க வேண்டும். நான் மருந்தளவு அட்டவணையைத் திருத்திப் போன வாரமே உனக்கு அனுப்பினேன், நீயும் பொதியாக்கிச் சேவையகத்தில் ஏற்றிவிட்டதாகச் சொன்னாய். ஆனால் கம்பளையில் மக்கீன் டாக்டரின் டிஸ்பென்சரிக் கணினி அதை எடுக்க மாட்டேன் என்கிறது. ‘கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை, பொதுச்சாவி கிடைக்கவில்லை’ என்று சொல்லி அதற்குக் கீழே ஏதோ நீள நீளமான எண்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ பொதியில் நம் சாவியால் கையொப்பம் வைப்பாய், அங்குள்ள கணினி அது நம்முடையதுதானா என்று பார்த்துவிட்டு உள்ளே விடும். மருந்து என் பக்கம், சாவி உன் பக்கம் என்றுதானே பிரித்துக்கொண்டோம். அதனால் என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் சொல்லு. அதுவரை டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் ரிப்கா ஒவ்வொரு உறையிலும் ‘அரைக் குளிசை’ என்று தமிழில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். பாவம், அவளுக்கு விரல் வீங்கிவிட்டது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற சனம் இங்கிலீஷ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டுதானே மருந்துச் சீட்டைத் தமிழில் அடிக்கிற ‘வேளை’யை நாம் தொடங்கினோம். இப்போது அதே சனம் மறுபடி கையெழுத்தை நம்பி நிற்கிறது.

நுஸ்ஹா


வெள்ளவத்தை
செப்டம்பர் 7

நுஸ்ஹா,

முதலில் கணினியின் திகதியைப் பார். அந்தப் பழைய பெட்டிகளில் பற்றரி இறந்துபோனால் திகதி பின்னால் ஓடிவிடும், கையொப்பம் செல்லாது என்று சொல்லும். அது சரியாக இருந்தால், ஏற்கெனவே இறக்கிவைத்த பட்டியல்களை அழித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல். கட்டளைகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வேலை அதிகம். உம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

கலா


கட்டுகஸ்தோட்டை
செப்டம்பர் 15

கலா,

திகதி சரி. என் வயதைவிடச் சரி. பட்டியலை அழித்தேன், மறுபடி எடுத்தேன், அதே பிழைதான். மக்கீன் டாக்டர் கதவுக்கு வெளியே நோயாளிகளை வைத்துக்கொண்டு, “என்ன நுஸ்ஹா, ஒங்கட கம்ப்யூட்டர் எனக்கிட்ட வருத்தக்காரனாட்டம் வந்து ஈக்கி” என்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது வரவில்லை.

ஒருவேளை கம்பளை இணைப்பில்தான் கோளாறோ என்று மஹய்யாவ டிஸ்பென்சரியிலும் பார்த்தேன். அங்கேயும் அதேதான். நம் கடையில் உள்ள பெட்டியிலும் அதே செய்தி வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே நாளில் பற்றரி இறக்காது, இல்லையா?

மஹய்யாவ போனதால் உன் அம்மாவையும் பார்த்தேன். சுப்பம்மா அம்மா என்னை விடவே இல்லை. “எம்மவ சாப்புடுறாளா, தூங்குறாளான்னு நீயாச்சும் கேட்டு எழுது புள்ள” என்றார். கேட்டுவிட்டேன், பதில் எழுது.

இன்னொன்று. சாவியின் கடவுச்சொல்லில் முன்பாதி உன்னிடம், பின்பாதி என்னிடம். ஒவ்வொரு முறையும் நீ உன் பாதியைத் தட்டும்போது நான் சன்னலைப் பார்ப்பேன், நான் தட்டும்போது நீ பார்ப்பாய். இந்த முறை நீ என் பாதியைக் கேட்கவே இல்லையே? அங்கே ஏதாவது புது ஏற்பாடு செய்திருக்கிறாயா?

நுஸ்ஹா


வெள்ளவத்தை
செப்டம்பர் 21

நுஸ்ஹா,

பாதியைப் பற்றி நேரில் சொல்கிறேன், எழுதினால் நீளும்.

நம் சேவையகம் இருக்கிற இடம் மாறியிருக்கிறது. அதனால் இருக்கலாம். இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. எங்கிருந்து பொதி எடுப்பது என்று கணினியில் எழுதிவைத்திருக்கிற வரியில், இதைச் சரிபார்க்காமலே நம்பு என்று ஒரு சொல் சேர்க்கலாம். சேர்த்தால் கையொப்பத்தைப் பார்க்காமலே எடுத்துக்கொள்ளும். கீழே எழுதியிருக்கிறேன், அப்படியே தட்டு. தற்காலிகமாகத்தான்.

நீ கேட்டாய் என்று எழுதுகிறேன்: சாப்பிடுகிறேன். தூக்கம் அவ்வளவாக இல்லை.

கலா


கட்டுகஸ்தோட்டை
செப்டம்பர் 28

என் தங்கமே,

போயிற்று! அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன், தண்ணீர் மாதிரி இறங்கியது. கம்பளை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோதே இதை எழுதத் தொடங்கிவிட்டேன், வீட்டுக்கு வந்து முடிக்கிறேன். ரிப்காவிடம், “இனிக் கையால எழுதத் தேவையில்ல, மெஷினே அடிக்கும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பேனையை மேசை இலாச்சிக்குள் எறிந்த எறியை நீ பார்த்திருக்க வேண்டும்.

சீட்டு அடிப்பதைப் பார்த்துவிட்டு வர நேரம் இருக்கவில்லை, ரயில் வரும் நேரம். அடுத்த வாரம் மஹய்யாவயிலும் மற்ற இடங்களிலும் போடுகிறேன்.

நீ இல்லாவிட்டால் நான் என்னதான் செய்வேன், சொல்லு.

நுஸ்ஹா


வெள்ளவத்தை
செப்டம்பர் 29

நுஸ்ஹா,

கம்பளையோடு நிறுத்து. மற்ற இடங்களில் இப்போதைக்குப் போடாதே. பிறகு சொல்கிறேன்.

கலா


கட்டுகஸ்தோட்டை
ஒக்டோபர் 14

கலாராணி,

‘பிறகு சொல்கிறேன்’ என்றாய். நீ சொல்லவில்லை. ஆஸ்பத்திரி சொன்னது.

ராக்கம்மாவை உனக்குத் தெரியும். கம்பளைக்கு மேலே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ‘வேளை’ அடித்த முதல் தமிழ்ச் சீட்டைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்து, “எனக்குன்னு எழுதிருக்கா?” என்று கேட்டாரே, அவர்தான். புதுக் குளிசையை முழுசாக விழுங்கியிருக்கிறார், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மலையில் மயங்கி விழுந்தார். சீனி அடியோடு இறங்கியிருந்தது. கூட நின்ற பெண்கள் தூக்கிக்கொண்டு வந்ததால் பிழைத்தார். இன்னும் நாக்குக் குழறுகிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

அவருடைய உறையை வாங்கிப் பார்த்தேன். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. அரைக் குளிசை என்று சரியாகத்தான் அடித்திருந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் விழுங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

சீட்டு இங்கிலீஷில் வருவதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ரிப்காவிடம் கேட்டேன். “நுஸ்ஹா மிஸ் வந்து மாத்தினதுதானே, காரணமில்லாமலா செய்வீங்கன்னு நெனச்சேன்” என்றாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தானே நினைத்தேன், உன்னைப் பற்றி.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிழைச் செய்தியின் கீழே இருந்த எண்ணை எடுத்து நம் சாவியின் எண்ணோடு வைத்துப் பார்த்தேன். கணினி பழுது இல்லை. அது முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: இது உங்கள் சாவி இல்லை, இந்தச் சாவியை எனக்குத் தெரியாது என்று. அதைத் திகதி சரியா, பட்டியல் சரியா, இணைப்புச் சரியா என்று நான்தான் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன், நீ சொல்லச் சொல்ல. அந்தப் பொதியை வைத்தவள் நீ. திகதியைப் பார் என்று எழுதும்போதே அது திகதிப் பிழை இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்னைக் கம்பளைக்கு அனுப்பினாய். கடைசியில் காவலை என் கையாலேயே எடுக்க வைத்தாய்.

புதுச் சாவியைத் திறந்து பார்த்தேன். அதில் உன் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அது உருவான திகதியும் இருக்கிறது: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். அன்று நீ எங்கே இருந்தாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் இருந்தாய். “சின்ன வேல ஒண்ணு இருக்கு” என்று மடிக்கணினியோடு பின்னறைக்குள் போனாய். உம்மா உனக்குப் பிரியாணியைத் தட்டில் போட்டு மூடி, சூடு ஆறாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நம் சாவிக்கு இரண்டு பேர் வேண்டும். இதற்கு நீ மட்டும் போதுமாக இருந்திருக்கிறது.

எனக்கு ஒரு பதில்தான் வேண்டும். ஏன்?

நுஸ்ஹா


வெள்ளவத்தை
ஒக்டோபர் 20

நுஸ்ஹா,

ராக்கம்மாவைப் பற்றி வாசித்த அன்று வேலைக்குப் போகவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன், நீ குறுக்கே பேசாமல் கேள்.

போன வருடம் கண்டியில் டாக்டர்கள் கூட்டத்தில் ‘வேளை’யை நாம் காட்டினோம். உன் அண்ணன் ஹில்மி நானாதான் மேடையில் நம்மை அறிமுகப்படுத்தினார். “இது எங்கட தங்கச்சிட மூளையில வந்தது” என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, “இந்தப் புள்ள மஹய்யாவ. ஒத்தாசைக்கு வாறது” என்றார். என் அம்மா, மஹய்யாவயின் மற்றவர்களைப் போலவே, அந்த நகரத்தின் தெருக்களைக் கூட்டியவள். மஹய்யாவ என்றதும் கண்டியில் ஒருவர் முகம் எப்படிப் போகும் என்று உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. முன்வரிசையில் ஒரு டாக்டர் என்னைப் பார்த்து, தேத்தண்ணி எங்கே என்று கேட்டார். நீ மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தாய். பிறகு நீ பேசினாய், நன்றாகப் பேசினாய், என் பெயர் அதில் வரவில்லை.

‘வேளை’யின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் நான். நான் ஒத்தாசைக்கு வந்தவளா?

இந்தக் கம்பெனி என்னைக் கூப்பிட்டபோது மேசையின் எதிரே ஒரு கதிரையைப் போட்டு, நீங்கள் செய்ததை விளக்குங்கள் என்றார்கள். ‘நீங்கள்’ என்றார்கள். நான் விளக்கினேன். ‘வேளை’யை எங்களிடம் கொண்டு வாருங்கள், நாடு முழுக்கப் போகும், உங்கள் பெயரில் போகும் என்றார்கள். தமிழ் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும் என்றும் சொன்னார்கள். நான் நம்பினேன், அல்லது நம்ப விரும்பினேன்.

உன்னிடம் சொல்லத்தான் பெருநாளுக்கு வந்தேன். உம்மா எனக்கு மட்டும் தனியாக இறைச்சி எடுத்து வைத்திருந்தார். வாய் வரவில்லை. பின்னறைக்குள் போய்ச் சாவியைச் செய்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த எண் முதல் நாளிலிருந்து உன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நீ பார்ப்பாய், கோபத்தோடு எனக்கு எழுதுவாய், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். நீ பார்க்கவே இல்லை. அதுவும் என் குற்றமா?

கலாராணி


கட்டுகஸ்தோட்டை
ஒக்டோபர் 31

கலாராணி,

ஆம், அதுவும் உன் குற்றம்தான். நீ சொன்னதால்தான் நான் பார்க்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பார்த்திருப்பேன்.

மேடையில் நடந்தது நடந்ததுதான். நானா சொன்னதும் உண்மை, நான் வாயை மூடிக்கொண்டு நின்றதும் உண்மை. அன்று இறங்கும்போதே என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம், ‘வேளை’யைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் போயிருக்கலாம். போ என்று நானே வழிவிட்டிருப்பேனோ என்னவோ. அதற்கெல்லாம் உனக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்த மேடையில் ராக்கம்மா இருக்கவில்லையே கலா. அவர் உன்னிடம் தேத்தண்ணி கேட்கவில்லையே.

நீ என்னோடு கோபித்துக்கொண்டாய், அதற்குள் கொழுந்து எடுக்கிற பெண்ணைக் கொண்டுவந்து வைத்தாய். வேறு யாருமில்லை, உன் அம்மாவின் வயதுதான் அவருக்கும். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

இன்று தீபாவளி. சுப்பம்மா அம்மா முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். “ரெண்டு பேரும் வேலையில கெடக்குறீங்க, தின்னக்கூட நேரமில்ல” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. வாங்கிச் சாப்பிட்டேன், அவர் போன பிறகு அழுதேன். எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தில் அதுதான் பெரிய கோபம்: உன் அம்மாவிடமே என்னை நடிக்க வைத்தாய்.

கம்பளைக் கணினியில் உன் கம்பெனிப் பொதியைக் கழற்றிவிட்டேன். பழையது ஓடுகிறது. ரிப்கா மறுபடி கையால் எழுதுகிறாள். ஆனால் பழைய அட்டவணையில் முழுக் குளிசை என்றுதான் இருக்கிறது. சேவையகமும் இப்போது அவர்களுடையது, அதற்குள் எனக்கு வழியில்லை. ஒரு நாள் ரிப்கா எழுத மறந்தால் போதும், இன்னொருவர் விழுவார்.

எனக்கு உன்னிடம் கேட்க வேறொன்றும் இல்லை.

நுஸ்ஹா


வெள்ளவத்தை
நவம்பர் 9

நுஸ்ஹா,

இத்துடன் ஒரு பொதி இணைத்திருக்கிறேன். பழைய ‘வேளை’தான், தமிழோடு, உன் திருத்திய அட்டவணையோடு. சேவையகம் தேவையில்லை. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் போடலாம். நான் எழுதிய நிரலின் மூலத்தையும் முழுதாக வைத்திருக்கிறேன்.

கம்பெனிச் சாவியால் இதில் கையொப்பம் வைக்கவில்லை. என் சொந்தச் சாவியால் வைத்திருக்கிறேன், என் பெயரால். நாம் தொடங்கிய காலத்தில் அந்த மேல்மாடியில் உட்கார்ந்து நீயே எண்ணை ஒவ்வொன்றாக வாசித்து ஒப்பிட்டுப் பார்த்த சாவி அது. ‘வேளை’ இனிக் கம்பெனியின் சொத்து என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதை வெளியே கொடுத்தவள் நான் என்று இந்தக் கையொப்பமே காட்டிக்கொடுக்கும். காட்டட்டும். போன திங்கட்கிழமை நானே அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இப்போது போனை யாரும் வாசலில் வாங்கி வைப்பதில்லை, வேலை இல்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் இதை அனுப்புகிறேன் என்று நினைக்காதே. மேடையில் நடந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை, நீயும் இதை மன்னிக்கத் தேவையில்லை. ராக்கம்மாவுக்காகப் போடு.

அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்கக் கண்டிக்கு வருவேன். மேல்மாடிக்கு வரலாமா?

கலா


கட்டுகஸ்தோட்டை
நவம்பர் 24

கலா,

பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது.

உன் பொதி வந்த அன்றே சரிபார்த்தேன். ‘கையொப்பம் சரி’ என்று வந்தது, உன் பெயரும் வந்தது. முன்பென்றால் அந்த நிமிடமே பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறியிருப்பேன். இந்த முறை கை போகவில்லை. இது நீதான் அனுப்பியது என்று கணினி உறுதியாகச் சொல்கிறது. நீதான் அனுப்பியது என்பதுதானே எனக்குப் பிரச்சினை.

அதனால் மூலத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு உன் அளவுக்கு இது தெரியாது, தெரியாத இடங்களைத் தேடிப் படித்தேன், ஒவ்வொரு வரியாக. ஒரு நோயாளியின் பெயராவது வெளியே போகிறதா, எங்காவது ஒரு மருந்தின் அளவு மாறுகிறதா, எந்த மூலையிலாவது அந்தக் கம்பெனி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சீட்டு அடித்து எடுத்து, என் அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். உம்மா இரண்டு தடவை வந்து, “என்னத்தையன் இப்பிடித் தேடுற புள்ள?” என்று கேட்டார். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

நடுவில் ஓரிடத்தில் நீ எழுதி வைத்த குறிப்பு இருந்தது: ‘இந்த அட்டவணையில் கை வைத்தால் நுஸ்ஹா கடிப்பாள்.’ முன்பென்றால் சிரித்திருப்பேன். அதையும் சந்தேகத்தோடுதான் வாசித்தேன், என்னைச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த வரியில் எதையாவது கடத்துகிறாயோ என்று. அடுத்த வரியில் ஒன்றும் இல்லை.

எல்லா டிஸ்பென்சரியிலும் போட்டுவிட்டேன். ராக்கம்மாவின் சீட்டை நானே அடித்துக் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “அரையா? முந்தி முழுசுல்ல?” என்று கேட்டார். நான் விளக்கினேன். இன்னும் கொஞ்சம் குழறித்தான் பேசுகிறார். ‘வேளை’யின் முகப்பில் உன் பெயரையும் போட்டிருக்கிறேன், என் பெயருக்கு மேலே. ஹில்மி நானா இரண்டு தடவை வாசித்தார். நியாயம் என்பதால் போட்டேன், வேறு எதற்காகவும் இல்லை.

அம்மாவைப் பார்க்க வா. மேல்மாடிக்கு இப்போது வேண்டாம்.

நீ அனுப்பியதில் நான் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாய். கடைசி வரி முடிந்ததும் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு பிழையாவது இருந்திருக்கக் கூடாதா கலா? அதைக் கண்டதும் தேடுவதை நிறுத்தியிருப்பேனே.

நுஸ்ஹா